சிறிய ஊர் விமான நிலையங்களுக்கு இடையே தூரமும் பயண நேரமும் கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னைக்கோ டெல்லிக்கோ போகிறவருக்கு இந்தக் கணக்கு தேவைப்படாது. அட்டவணையைப் பார்த்தாலே நேரம் தெரிந்துவிடும். சிக்கல் சின்ன ஊர்களில்தான் வருகிறது. தூத்துக்குடியிலிருந்து சேலம், மதுரையிலிருந்து லடாக்கில் இருக்கும் லே, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் நர்ஸ் வேலை பார்க்கும் மகளின் ஊரிலிருந்து அடுத்த ஊர் என்று எந்த இரண்டு ஊர்களைத் தேடினாலும் உடனே பதில் வந்துவிடும்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம். அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவில் விமானமே ஓடாவிட்டாலும் அந்தப் பதில் வரும். அதை நம்பி லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, முகூர்த்த நேரம் போன பிறகு வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

மதுரையில் பயண ஏற்பாட்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. வீட்டுக்காக நீங்களே பார்ப்பதானாலும் இதே வரிசைதான். இதில் மூன்று எண்கள் இருக்கின்றன: நேர்த்தூரம், பறக்கும் நேரம், வாசலிலிருந்து வாசல் வரை ஆகும் மொத்த நேரம். பெரும்பாலானோர் முதல் எண்ணைக் கண்டுபிடித்ததும் மூன்றாவதும் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். சின்ன ஊர்களைப் பொறுத்தவரை இந்த இரண்டுக்கும் உறவு மிகக் குறைவு.

தேவையானவை: ஒரு நோட்டு, கொசைன் பொத்தான் உள்ள கால்குலேட்டர் (கைபேசியைப் படுக்கவைத்தால் வருவதே போதும்), ஒரு வரைபடச் செயலி, விமான நிறுவனத்தின் சொந்த இணையதளம். பொதுவான தேடல் தளங்களைக் கடைசியில் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. தேதியையும் வீட்டு வாசலையும் முதலில் எழுதுங்கள்

தூரத்தைத் தேடும் முன் மூன்று விஷயங்கள் நோட்டில் ஏற வேண்டும்: எந்தத் தேதி, எந்த வீட்டு வாசலிலிருந்து, எந்த வாசலுக்கு. ‘மதுரை’ என்று எழுதினால் போதாது. திருமங்கலமா, மேலூரா, உசிலம்பட்டியா என்று எழுதுங்கள்.

எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்புவது என்பதே இதைப் பொறுத்துத்தான் மாறும். விருதுநகர்க்காரருக்கு மதுரை பக்கம். கோவில்பட்டிக்காரருக்குத் தூத்துக்குடி பக்கம். கொட்டாம்பட்டியில் இருப்பவர் திருச்சியையும் சேர்த்துப் பார்க்கலாம். தேதி எதற்கு என்றால், சின்ன ஊர்களுக்கு எல்லா நாளும் விமானம் இருக்காது. விமான அட்டவணை ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும். மார்ச் 20 அன்று பார்த்த அட்டவணையை வைத்து ஏப்ரல் பயணத்தைத் திட்டமிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

2. குறியீட்டை வைத்து விமான நிலையத்தை உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை ஒருபோதும் நம்பாதீர்கள். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் இரண்டு குறியீடுகள் உண்டு. டிக்கெட்டில் வருவது மூன்றெழுத்துக் குறியீடு. விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பயன்படுத்துவது நான்கெழுத்துக் குறியீடு. மதுரைக்கு ஐஎக்ஸ்எம், விஓஎம்டி. தூத்துக்குடிக்கு டிசிஆர், விஓடிகே. சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி, விஓஎஸ்எம். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டும் எதற்கு? நான்கெழுத்துக் குறியீட்டின் தொடக்கத்தைப் பார்த்தாலே அது உலகின் எந்தப் பகுதி என்று தெரிந்துவிடும். ‘விஓ’ என்று தொடங்கினால் தென்னிந்தியா, ‘விஐ’ வடக்கு, ‘விஈ’ கிழக்கு, ‘விஏ’ மேற்கு. ‘விசி’ இலங்கை. ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கினால் ஆஸ்திரேலியா. தப்பான ஊரைப் பிடித்திருந்தால் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும்.

சேலத்தையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான். ஆங்கிலத்தில் எழுத்துக்கூட ஒன்றே. அதன் குறியீடு எஸ்எல்இ. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் மதுரையிலிருந்து பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல் காட்டும். அவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் யாரும் சுதாரித்துவிடுவார்கள். சின்ன வித்தியாசங்கள்தான் ஆபத்து. திருச்சிக்கு டிஆர்இசட், திருவனந்தபுரத்துக்கு டிஆர்வி, திருப்பதிக்கு டிஐஆர். அவசரத்தில் ஒன்றுக்கு இன்னொன்றை அழுத்தினாலும் நம்பும்படியான தூரமே வரும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ரயில் குறியீடு எல்லோருக்கும் பழக்கம். மதுரை ஜங்ஷன் என்றால் எம்டியு. அதையே விமானத் தேடலில் போட்டால் பப்புவா நியூகினியாவின் மலைநாட்டில் இருக்கும் மெண்டி என்ற சின்ன ஊர் வரும். தூத்துக்குடி விமான நிலையத்தின் டிசிஆர், ரயில்வேயில் திருச்சூரைக் குறிக்கும். ரயில் குறியீடு வேறு, விமானக் குறியீடு வேறு. நோட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள்.

3. அட்சரேகை, தீர்க்கரேகையை எடுங்கள்

ஊரின் நடுப்புள்ளியை எடுக்காமல் ஓடுபாதையின் புள்ளியை எடுக்க வேண்டும். தூத்துக்குடி விமான நிலையம் ஊருக்கு வெளியே, திருநெல்வேலி சாலையில் வாகைக்குளத்தில் இருக்கிறது. சேலத்தினுடையது ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில். மதுரையினுடையது அவனியாபுரம் தாண்டி. வரைபடச் செயலியில் ஓடுபாதையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலில் வருவது அட்சரேகை, இரண்டாவது தீர்க்கரேகை. இரண்டு தசம இடம் போதும்:

மதுரை 9.83, 78.09
தூத்துக்குடி 8.72, 78.03
சேலம் 11.78, 78.07
சென்னை 12.99, 80.17

இங்கே மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பாகையையும் கலையையும் தசமமாக எழுதிவிடுவது. மதுரை 9 பாகை 50 கலை. அதை 9.50 என்று எழுதக் கூடாது. 50-ஐ 60-ஆல் வகுத்து 9.83 என்று எழுத வேண்டும். இந்த ஒரு தவறிலேயே விமான நிலையம் 37 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்துவிடும். இரண்டாவது, எண்களை இடம் மாற்றுவது. 78.09, 9.83 என்று போட்டால் மதுரை ஆர்க்டிக் பக்கம், ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே கடலில் போய் விழும்.

மூன்றாவது, குறியை விட்டுவிடுவது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் ஊருக்கு அட்சரேகையின் முன் கழித்தல் குறி வேண்டும். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் −32.00, 141.47. கழித்தல் குறி இல்லாவிட்டால் அது ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக் கடலைக் காட்டும். நம் ஊர் வடக்கும் கிழக்கும் என்பதால் நமக்குக் குறி போட்டுப் பழக்கமில்லை. அதனாலேயே இந்தத் தவறு கண்ணில் படுவதில்லை. எண்களை எழுதி முடித்ததும் அவற்றையே மறுபடியும் வரைபடத்தில் போட்டு, ஓடுபாதை தெரிகிறதா என்று பாருங்கள். அரை நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

4. நேர்த்தூரத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

இணையத்தில் கருவிகள் இருக்கும்போது கையால் ஏன்? கருவி தரும் எண் சரியா என்று தெரிந்துகொள்ள உங்களிடம் ஓர் எண் வேண்டும். அதற்காகத்தான்.

அட்சரேகையில் ஒரு பாகை என்றால் ஏறக்குறைய 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை, பூமத்திய ரேகையில் மட்டும் 111; துருவத்தை நோக்கிப் போகப் போகக் குறையும். எவ்வளவு குறையும் என்பதை அந்த அட்சரேகையின் கொசைன் சொல்லும். 10 பாகையில் 0.985, 30 பாகையில் 0.866, 60 பாகையில் 0.5. தமிழ்நாட்டுக்குள் இந்தக் குறைவு மிகச் சிறிது. ஆஸ்திரேலியாவின் தெற்கிலோ கனடாவிலோ இதை விட்டுவிட்டால் தூரம் கன்னாபின்னாவென்று போய்விடும்.

தூத்துக்குடி–சேலம் போடுவோம். அட்சரேகை வித்தியாசம் 3.06. அதை 111-ஆல் பெருக்கினால் 340 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 0.04, அது 4 கி.மீ. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 340 கி.மீ. கிட்டத்தட்ட நேர் வடக்கு.

தூத்துக்குடி–சென்னை: வடக்கே 4.27 பாகை, அதாவது 474 கி.மீ. கிழக்கே 2.14 பாகை; அதை 111-ஆலும், இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள அட்சரேகையின் கொசைனான 0.982-ஆலும் பெருக்கினால் 233 கி.மீ. வர்க்கமூலம் எடுத்தால் 528 கி.மீ. சென்னை–சேலம் இதேபோல 264 கி.மீ. இந்த இரண்டு எண்களையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், எட்டாம் படியில் தேவைப்படும்.

சில நூறு கிலோமீட்டர் வரை இந்த எளிய முறை போதும். அதற்கு மேல் பூமியின் வளைவைச் சேர்க்க வேண்டும். அதற்கான வாய்பாடு: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள், இரண்டின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள், இரண்டு விடைகளையும் கூட்டி அதன் தலைகீழ் கொசைனை எடுங்கள். வருவது பாகையில் இருக்கும். அதை 111.2-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். கால்குலேட்டர் பாகை முறையில் இருக்கிறதா, ரேடியன் முறையில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். கணினி விரிதாளில் போட்டால் அது ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். பாகையை அப்படியே கொடுத்தால் பிழை என்றுகூடச் சொல்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும்.

கருவி தரும் எண்ணும் உங்கள் எண்ணும் ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

5. அலகைப் பாருங்கள்

விமானத் துறையின் மைல் வேறு, சாலை மைல் வேறு. கடல் மைல் 1.852 கி.மீ., சாதாரண மைல் 1.609 கி.மீ. சில தளங்கள் வெறும் ‘மைல்’ என்று மட்டும் போட்டிருக்கும். உங்களிடம் ஏற்கெனவே கிலோமீட்டர் கணக்கு இருப்பதால், வகுத்துப் பார்த்தால் எந்த மைல் என்று தெரிந்துவிடும். அவ்வளவுதான்.

6. எந்த வகை விமானம் என்று கண்டுபிடியுங்கள்

தூரத்தைக் கொடுத்ததும் பறக்கும் நேரம் சொல்லும் தளங்கள் பெரும்பாலும் ஜெட் விமானத்தின் வேகத்தை, மணிக்கு 800 கி.மீ. அளவில், எடுத்துக்கொள்கின்றன. சின்ன ஊர்களுக்குப் பெரும்பாலும் ஜெட் போவதில்லை. ஓடுபாதை குட்டையாக இருக்கும், ஏறும் கூட்டமும் குறைவு. அங்கே பறப்பது காற்றாடி வைத்த ஏடிஆர் 72 போன்ற விமானம். அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 510 கி.மீ. ஆஸ்திரேலிய உள்நாட்டில் பறக்கும் சாப் 340 ஏறக்குறைய 470 கி.மீ. ஒற்றை இன்ஜின் செஸ்னா கேரவன் 340 கி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான். ஏர்பஸ் ஏ320 போன்ற ஜெட் 830 கி.மீ. போகும்.

விமான நிறுவனத்தின் இணையதளத்தில் டிக்கெட் தேடும்போது, விமான எண்ணுக்குக் கீழே வகையும் இருக்கும். அங்கிருந்து எடுங்கள். வகை தெரியாமல் நேரம் போடுவது, பேருந்தா காரா என்று கேட்காமல் கொடைக்கானலுக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்வதற்குச் சமம்.

7. பறக்கும் நேரத்தைக் கணக்கிடுங்கள்

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் வரைக்குமானது. வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் இல்லை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறும்போது வேகம் குறைவாக இருப்பது, இறங்கும் முன் சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராக வருவது எல்லாம் இதில் அடங்கும். மதுரை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடக்கேயிருந்து வரும் விமானம் திரும்பித்தான் இறங்கியாக வேண்டும்.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் கணக்கு இது: தூரத்தை வேகத்தால் வகுத்து, காற்றாடி விமானமாக இருந்தால் 25 நிமிடமும் ஜெட்டாக இருந்தால் 30 நிமிடமும் கூட்டுங்கள். நேர்கோட்டில் பறக்காமல் வான்வழித் தடங்களில் வளைந்து போவதும், நாட்டுக்குள் சாதாரணத் தூரங்களுக்கு, இந்தக் கூட்டலிலேயே அடங்கிவிடும்.

மதுரை–சென்னையில் சோதித்துப் பாருங்கள். நேர்த்தூரம் 418 கி.மீ. ஏடிஆர் என்றால் 49 நிமிடம், கூட 25. மொத்தம் 74 நிமிடம். அட்டவணையில் ஒன்றே கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை போட்டிருப்பார்கள். தாமதமானாலும் நேரத்துக்கு வந்ததாகக் கணக்குக் காட்ட நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவது வழக்கம். உங்கள் எண்ணைவிட அட்டவணை கால் மணி கூடுதலாக இருந்தால் கவலை வேண்டாம். அட்டவணை உங்கள் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் விமான வகையைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

காற்றையும் கேட்பார்கள். சில நூறு கிலோமீட்டருக்கு அது சில நிமிடம்தான். வட இந்தியாவில் குளிர்காலத்தில் உயரத்தில் மேலைக்காற்று பலமாக வீசும். டெல்லியிலிருந்து குவஹாத்திக்குப் போவதைவிடத் திரும்புவது நேரமெடுக்கும். போகும் நேரத்தையே திரும்பும் நேரமாக எழுதாமல், இரண்டையும் தனித்தனியே அட்டவணையில் பாருங்கள்.

8. உண்மையில் எந்த வழியாகப் போக முடியும் என்று பாருங்கள்

இதுவரை செய்ததெல்லாம் இந்தப் படிக்கான தயாரிப்பு. புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுவதும் இங்கேதான். ஏழாம் படியோடு நின்றுவிட்டு, “அண்ணே, தூத்துக்குடி–சேலம் ஒரு மணி அஞ்சு நிமிஷம்” என்று சொல்லிவிடுவார்கள். கணக்கு சரி, 340 கி.மீ.க்கு ஏடிஆரில் 40 நிமிடம், கூட 25. ஆனால் அந்த வழியில் விமானம் ஓடவேண்டுமே!

சென்னை வழியாகத்தான் போக வேண்டும் என்றால் 528-ம் 264-ம் சேர்த்து 792 கி.மீ. நேர்த்தூரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். முதல் விமானம் 87 நிமிடம், இரண்டாவது 56 நிமிடம், நடுவில் சென்னையில் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு இரண்டு மணி நேரமாகவும் இருக்கலாம், இருபது மணி நேரமாகவும் இருக்கலாம். சேலத்துக்கு விமானம் எப்போது என்பதைப் பொறுத்தது அது. மொத்த நேரத்தைத் தீர்மானிப்பது தூரமல்ல, இரண்டாவது விமானத்தின் கிளம்பும் நேரம்தான். ஆகவே அட்டவணையைப் பின்னாலிருந்து பாருங்கள். கடைசிச் சின்ன ஊருக்கான விமானத்தை முதலில் கண்டுபிடித்து, அதைப் பிடிக்க முந்தைய விமானம் எது என்று தேடுங்கள். முன்னாலிருந்து தேடினால் சென்னைக்கு வசதியான காலை விமானத்தைப் பிடித்துவிட்டு, அங்கே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க நேரும்.

மதுரை–லே இன்னும் தெளிவான உதாரணம். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. நேர்த்தூரம் சுமார் 2,700 கி.மீ. ஜெட்டில் நேராகப் போனால் நான்கு மணிக்குள் முடிந்துவிடும் கணக்கு. ஆனால் லே விமான நிலையம் கடல்மட்டத்துக்கு 3,200 மீட்டருக்கும் மேலே, சுற்றிலும் மலைகளோடு இருக்கிறது. வெயில் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், பள்ளத்தாக்கில் காற்று பலமாகும். அதனால் அங்கே பயணிகள் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடும். மதுரையிலிருந்து போகிறவர் முந்தின நாளே டெல்லி போய் இரவு தங்கித்தான் லே போக வேண்டும். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத்தில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இதை முன்பே சொல்லியாக வேண்டும். போய் இறங்கியதும் அந்த உயரத்துக்கு உடம்பு பழக ஓரிரு நாள் ஓய்வும் வேண்டும். அதையும் பயண நாட்களில் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு சின்ன விமான நிலையத்துக்கும் இப்படி ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்கும். லட்சத்தீவிலுள்ள அகத்தித் தீவின் ஓடுபாதை ஏறக்குறைய 1,200 மீட்டர்தான். ஜெட் இறங்காது, இறங்கும் விமானத்திலும் எடைக் கட்டுப்பாடு உண்டு, லட்சத்தீவு செல்ல நுழைவு அனுமதியும் வேண்டும். சில இடங்களில் பகல் வெளிச்சத்தில் மட்டுமே இறங்க முடியும். அங்கே காலை விமானம் மூடுபனியில் தாமதமானால், அன்றைய விமானமே போய்விடலாம்.

வழித்தடமே நின்றுபோவதும் உண்டு. சென்னை–சேலம் சேவை, சின்ன ஊர்களுக்கு விமானம் விட அரசு உதவும் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கியது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில்தான் சேலத்துக்கு மறுபடியும் விமானம் வந்தது. அந்தத் திட்டத்தில் அரசின் இழப்பீட்டுத் தொகை மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு கூட்டம் போதவில்லை என்றால் நிறுவனம் விலகிவிடும். பழைய பதிவுகளில் ‘நேரடி விமானம் உண்டு’ என்று இருப்பதை நம்பாமல், உங்கள் தேதிக்கு டிக்கெட் உண்மையிலேயே விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இடையில் நின்று போகும் விமானத்தையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசாவிலிருந்து பேர்ட்ஸ்வில் நேர்த்தூரம் 580 கி.மீ. அங்கே ஓடும் விமானம் பூலியா, பெடூரி என்ற இரண்டு சின்ன ஊர்களில் இறங்கி ஏறிப் போகிறது. இரண்டும் கிட்டத்தட்ட வழியிலேயே இருப்பதால் தூரம் பத்து கிலோமீட்டர் போலத்தான் கூடும். ஆனால் நேரம்? நிற்காமல் போனால் சாப் 340-ல் ஒரு மணி நாற்பது நிமிடம் வரும் கணக்கு, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏற இறங்க 25 நிமிடமும் தரையில் 20 நிமிடமும் சேர்த்தால் மூன்று மணியைத் தாண்டிவிடும். ‘நேரடி விமானம்’ என்றால் விமானம் மாறத் தேவையில்லை என்றுதான் பொருள். ‘இடைநில்லா விமானம்’ என்று போட்டிருந்தால்தான் நடுவில் இறங்காது.

இணைப்பு விமானம் என்றால் ஒரே டிக்கெட்டில் இரண்டு பயணமும் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமானம் போனால் போனதுதான். பெட்டியை வெளியே எடுத்து, மறுபடியும் கொடுத்து, மறுபடியும் சோதனைக்குள் போக வேண்டும். பெரும்பாலான உள்நாட்டு நிறுவனங்கள் 60 நிமிடத்துக்கு முன்பே கவுன்டரை மூடிவிடும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் முதல் முனையத்திலும் நான்காம் முனையத்திலும் இருப்பதால் மாறிப் போகவும் நேரம் வேண்டும். தனி டிக்கெட்டுக்கு மூன்று மணி நேர இடைவெளி வையுங்கள். அதற்குக் குறைத்து நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை. பெட்டி எடையில் இரண்டு நிறுவனங்களில் எது குறைவாக அனுமதிக்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

9. கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் நேரம் அந்தந்த ஊரின் நேரம். இந்தியாவுக்குள் ஒரே நேரம், இலங்கையும் அதே நேரம். ஆகவே நமக்கு இது தோன்றாது. நேபாளம் கால் மணி முன்னால். ஆஸ்திரேலியாவில் ஒரே மாநிலத்துக்குள்ளேயே மாறும். புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தைப் பின்பற்றுகிறது. பக்கத்து விக்டோரியா மாநிலத்து ஊரான மில்டுரா, அந்த மாநிலத்தின் நேரத்தில், அரை மணி முன்னால் இருக்கிறது.

இரண்டுக்கும் நேர்த்தூரம் ஏறக்குறைய 254 கி.மீ.; சாப் 340-ல் கணக்குப்படி 57 நிமிடம். புரோக்கன் ஹில்லில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் மில்டுராவில் கடிகாரம் ஏறக்குறைய 11.27 காட்டும். திரும்பும்போது 10 மணிக்குக் கிளம்பினால் 10.27-க்கே இறங்கிவிடலாம். நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்கிறவர், போக ஒன்றரை மணி, வர அரை மணி என்று எழுதிவிடுவார். முதலில் இரண்டு நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், அப்புறம் கழியுங்கள். கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் நாடுகளில், பயணத் தேதி அந்த மாற்றத்துக்கு முன்பா பின்பா என்றும் பார்க்க வேண்டும்.

10. வாசலிலிருந்து வாசல் வரை கூட்டுங்கள்

இப்போதுதான் மூன்றாவது எண். தூத்துக்குடி நகரத்து வீட்டிலிருந்து ஓமலூர் வீட்டுக்கு, சென்னை வழியாக, இணைப்பு நன்றாக அமைந்த ஒரு நாளில்: வீட்டிலிருந்து வாகைக்குளம் 45 நிமிடம், முன்கூட்டிப் போய் இருப்பது 90, பறப்பது 87, சென்னையில் 150, பறப்பது 56, பெட்டி எடுத்து வெளியே வர 25, ஓமலூருக்கு 20. மொத்தம் 473 நிமிடம். எட்டு மணிக்கு ஏழு நிமிடம் குறைவு. மதுரை, திண்டுக்கல், கரூர், நாமக்கல் வழியாக நான்குவழிச் சாலையில் காரில் போனால் ஆறரை ஏழு மணி நேரம். இந்தப் பயணத்துக்கு விமானம் வேண்டாம் என்று நான் தயங்காமல் சொல்வேன், டிக்கெட் விற்பது நம் தொழிலாக இருந்தாலும்.

ஆனால் இதையே விதியாக்கிவிடாதீர்கள். மதுரையிலிருந்து சேலம் நேர்த்தூரம் சுமார் 217 கி.மீ. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையமும் மதுரையிலிருந்து ஏறக்குறைய அதே 217 கி.மீ. சேலத்துக்கு ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் போதும். பலாலிக்கு நடுவில் கடல் இருக்கிறது. கடவுச்சீட்டு, குடிவரவுச் சோதனை, பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்பே போய் நிற்பது, பலாலிக்கு விமானம் கிளம்பும் ஊருக்கு முதலில் போய்ச் சேர்வது என எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்த நாள் முழுவதும் பயணத்துக்கே போய்விடும். ஒரே தூரம்தான், ஆனால் ஒன்றுக்கு அரை நாள் போதும், மற்றதற்கு முழு நாள் வேண்டும்.

கூட்டும்போது போகும் இடத்தில் விமான நிலையத்திலிருந்து வீடு வரைக்குமான பயணத்தைக் குறைத்து எடைபோடாதீர்கள். பெரிய நகரத்தில் எந்த நேரத்திலும் வண்டி கிடைக்கும். சின்ன விமான நிலையத்தில் விமானம் வரும் நேரத்துக்கு மட்டும் சில டாக்சிகள் நிற்கும், வந்தவர்கள் ஏறியதும் போய்விடும். வண்டியை முன்பே பேசி, ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

11. பயணிக்குக் கொடுக்கும் சீட்டு

எல்லாம் முடிந்ததும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள்: இரண்டு விமான நிலையங்களின் குறியீடுகள், விமான எண்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்பது, இணைப்புக்கு எவ்வளவு இடைவெளி, அது தவறினால் அடுத்த விமானம் எந்த நாள். கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். வாரத்தில் சில நாள் மட்டும் விமானம் இருக்கும் ஊரில் ஓர் இணைப்பைத் தவறவிட்டால் இரண்டு மூன்று நாள் போய்விடும். கல்யாணம், கருமாதி, வேலையில் சேரும் நாள் போன்ற தள்ளிப்போட முடியாத காரியம் என்றால், அதற்கு முந்தைய விமானத்திலேயே அனுப்புங்கள்.

நேர்த்தூரத்தைச் சீட்டில் எழுத வேண்டாம். அது உங்கள் சரிபார்ப்புக்கு மட்டும். சீட்டில் 340 கி.மீ. என்று பார்த்தால், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் “இவ்வளவுதானே, மத்தியானம் கிளம்பினாப் போதாதா?” என்று கேட்பார்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அட்டவணையை மறுபடியும் பாருங்கள், முந்தின நாள் மாலை இன்னொரு முறை. சின்ன வழித்தடங்களில் நேர மாற்றத்தைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்புவார்கள். டிக்கெட் போடும்போது உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு வரும், பயணிக்குப் போகாது. பயணியின் எண்ணையே கொடுங்கள். அவர் வயதானவராக இருந்தால் கூடவே மகன் அல்லது மகளின் எண்ணையும் நிறுவனத்தின் தளத்தில் சேர்த்துவிடுங்கள்.